ஜன்னல் அவிழ்க்கும் நாள்

நவம்பரில் ஒட்டிய காகிதப் பட்டைகளை
ஏப்ரலில் உரிக்கிறேன்.
சோப்புக் கரைசலில் ஒட்டியவை.
வெந்நீர்த் துணி பட்டதும்
பாலாடைபோல் சுருண்டு வருகின்றன.

இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே
ஐந்து மாதப் பஞ்சு.
ஈரம் குடிக்க வைத்த உப்பு
கிண்ணத்தோடு கல்லாகிவிட்டது.
பக்கத்தில் மூன்று ஈக்கள்,
ஒரு நீலச் சக்கரம்.

மார்ட்சிஸின் பொம்மைக் காருடையது.
நான் பஞ்சு அடைத்த அன்று
அவனே அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.
பனிக்காலம் முழுக்கத் தேடினான்,
அழுதான்,
பிறகு மூன்று சக்கரத்திலேயே
ஓட்டப் பழகிக்கொண்டான்.
நீட்டுகிறேன்.
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"காருக்கு இது வேண்டாம்மா,
அது மறந்துருச்சு" என்கிறான்.
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பட்டையும் வந்தாயிற்று.
ஊதிப்போன மரச் சட்டம்
அசைய மறுக்கிறது.
முழங்கையால் ஒரே இடி.

அவ்வளவுதான்,
சலாட்சா ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது.
பனிப்பாளம் பாளத்தோடு உரசும் சத்தம்,
எதிர்வீட்டு ரம்பம்,
கரன்ட் கம்பத்துக் கூட்டில்
நேற்று வந்திறங்கிய நாரை
அலகைத் தட்டித் தட்டி
இல்லாத வாடகைக்காரனை விரட்டும் சத்தம்.
இத்தனை நாளும்
நாங்கள் பேசியதை மட்டுமே
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"மெல்ல, அப்பா தூங்குறார்"
என்கிறாள் டார்த்தா.
இரவெல்லாம் பால் லாரி ஓட்டிவிட்டு
விடியலில் வந்த கிர்ட்ஸ்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
பிர்ச் மரத்தில் துளை போட்டு
குழாய் செருகி
பக்கெட் மாட்டிவிட்டுத்தான் படுத்தான்.
எல்லா மெத்தையும் வெயிலுக்கு வந்துவிட்டன,
அவன் படுத்திருப்பதைத் தவிர.

மர நீர் சொட்டுகிறது.
நிமிடத்துக்கு அறுபத்து நாலு,
டார்த்தாவின் கணக்கு.
தம்பி குழாயடியில் நாக்கை நீட்டும்போது
அறுபத்து ஒன்று.
நானும் ஒரு கோப்பை குடித்துப் பார்க்கிறேன்.
தண்ணீர்தான்.
ஆனால் யாரோ அதனிடம்
சர்க்கரையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

மதியத்துக்குக் காஞ்சொறிக் கீரை சூப்.
வேலியோரத்து இளந்தளிரை
கையுறை போட்டுக் கிள்ளியும்
மணிக்கட்டில் இரண்டு இடம் தடித்துவிட்டது.
அடுப்புச் சாம்பலை ருபார்ப் பாத்திக்குப் போட்டேன்.
செம்மண்டை ஒன்று
மண்ணை முட்டிக்கொண்டு நிற்கிறது,
பிறந்த நிமிடத்துக் குழந்தையின் முகம்போல்
கசங்கி, கோபமாக.
யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.
கொஞ்ச நேரம் எனக்கே எனக்கென்று
வைத்துக்கொண்டேன்.

மாலையில் பாட்டில்கள்.
ஒவ்வொன்றிலும் மர நீர்,
கருந்திராட்சைச் செடியின் குச்சி ஒன்று,
உலர்ந்த திராட்சை ஐந்து.
பாட்டிலுக்கு ஐந்து என்றால்
மார்ட்சிஸுக்கு இரண்டு.
ஆறாவது பாட்டிலோடு திராட்சை தீர்ந்தது.
ஏழாவதைச் சும்மா மூடிக் கட்டினேன்
என்றுதான் நினைத்தேன்.

நிலவறைப் படியில் அடுக்கும்போது
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தால்
அடியில் நீலமாய் ஏதோ.
ஏப்ரன் பை காலி.
"அதுல போட ஒண்ணுமே இல்லையே,
பாவம்" என்கிறான்
என் முழங்காலுக்குப் பின்னாலிருந்து.

பிளாஸ்டிக். எடுத்துவிட வேண்டும்.
எடுக்கவில்லை.
ஜூன் கடைசியில் ஊரே நெருப்பு மூட்டும் இரவில்
ஆறு பாட்டில் நுரைக்கும்.
ஏழாவதை யாரும் குடிக்கப் போவதில்லை,
அது அவனுடையது.

கிர்ட்ஸ் எழுந்து வருகிறான்,
கன்னத்தில் தலையணை மடிப்பு.
சூப்பைச் சுடவைக்கிறேன்.
"ஏன் இத்தனை சத்தம்?" என்கிறான்.
"ஜன்னல் திறந்தாச்சு."
"ஓ" என்று
கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே
கொஞ்ச நேரம் கேட்கிறான்.

இருட்டியதும் குளிர் திரும்பி வந்தது.
மூடலாமா என்றேன்.
இன்னொரு கம்பளி இருக்கே என்றான்,
லாரிச் சாவியைத் தேடியபடி.